வாடகை வரவில்லை, கரண்ட் பில் தகராறு, காலி செய்ய மறுப்பு: நாலைந்து போர்ஷன் வைத்திருப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டில் இரண்டு முதல் ஆறு போர்ஷன் வரை வாடகைக்கு விட்டு, வசூலையும் ரிப்பேரையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையாளர்களுக்காக எழுதியது இது. உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கும் காரணம் பிறகு வரும், வக்கீலையோ எலக்ட்ரீஷியனையோ கூப்பிட வேண்டிய இடம் கடைசியில் வரும்.

கீழே 'சட்டம்' என்று சொல்வதெல்லாம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைத்தான். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. பழைய அனுபவத்தை வைத்து அக்கம்பக்கத்தில் சொல்லும் யோசனைகள் பலவும் அந்தச் சட்டத்தோடு போய்விட்டன.

## எந்தப் பிரச்சினையானாலும் முதலில் இந்த மூன்றையும் எடுத்து வையுங்கள்

ஒன்று, எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம். இரண்டு, அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி) பதிந்ததற்கான பதிவு எண். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது, வீட்டிலிருந்தே பதியலாம். மூன்று, வரவு நோட்டு.

'11 மாதத்துக்குத்தானே எழுதினோம், பதிவு வேண்டாம்' என்பது பரவலான தவறு. 11 மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு இருந்தாலும் அதைச் செய்ய வேண்டும். வழக்கென்று வரும்போது பதியாத ஒப்பந்தத்தைக் காட்டினால், அது சாட்சியாக நிற்காமல் போகலாம். இன்றைக்குச் சண்டை எதுவும் இல்லையென்றாலும் இன்றே பதிந்துவிடுங்கள். சண்டை வந்த பிறகு குடித்தனக்காரர் கையெழுத்துப் போட மாட்டார்.

வரவு நோட்டில் ஒரு போர்ஷனுக்கு ஒரு பக்கம். மாதம், வர வேண்டிய தொகை, வந்த தேதி, வந்த தொகை, எந்த வழியில் வந்தது, பாக்கி என்று ஆறு கட்டம் போதும். 'ஞாபகம் இருக்கு' என்பதை வைத்து எந்த நோட்டீஸும் எழுத முடியாது.

## அறிகுறி: வாடகை வருகிறது, ஆனால் மாதாமாதம் தள்ளிப்போகிறது

சம்பளத் தேதி பொருந்தவில்லை. இதுதான் முதல் காரணம், பல வீடுகளில் ஒரே காரணமும் இதுதான். ஒப்பந்தத்தில் 5-ஆம் தேதி என்று இருக்கும், அவருக்குச் சம்பளம் 7-ஆம் தேதி வரும். கடைசி ஆறு மாதம் பணம் வந்த தேதிகளை நோட்டில் பாருங்கள். 8, 9, 8, 10, 8, 9 என்று ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அவர் ஏமாற்றவில்லை, தேதிதான் தப்பு. கெடு 10-ஆம் தேதி என்று மாற்றி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு வரியை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். பிரச்சினை அங்கேயே முடியும்.

நினைவூட்டல் இல்லை. தேதிகள் 6, 14, 9, 21 என்று சிதறியிருந்தால் மறதியோ அலட்சியமோ இருக்கலாம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்தி அனுப்புங்கள்: 'ஜூலை வாடகை ரூ. 9,500, மெயின்டெனன்ஸ் ரூ. 300, மொத்தம் ரூ. 9,800. கெடு 10-ஆம் தேதி.' மாதமும் தொகையும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். 'சார், வாடகை?' என்று மட்டும் அனுப்பினால் பிறகு எதற்கும் உதவாது. வங்கி ஆப்பில் மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி ஏற்பாடு செய்யச் சொல்வது இதைவிட நல்லது.

பணம் போனதாக அவர் சொல்கிறார், உங்களுக்கு வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கணக்கை முடிக்காதீர்கள். யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள். உங்கள் மொபைல் எண்ணோடு இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால் மற்றக் கணக்கையும் பாருங்கள். அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமல் நின்ற பணம், ரிசர்வ் வங்கி விதிப்படி மறுநாளைக்குள் அவருக்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவும் இல்லை, எண்ணும் கிடைக்கவில்லை என்றால் பணம் அனுப்பப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்தில் ஏதோ பாக்கி இருக்கிறது. குழாய் ஒழுகுவதாக மூன்று முறை சொல்லியும் நீங்கள் ஆள் அனுப்பவில்லை என்றால், வாடகையைத் தள்ளிப்போடுவதுதான் அவர் கையில் இருக்கும் ஒரே வழி. பழைய செய்திகளைப் படித்துப் பாருங்கள். ரிப்பேரை முடித்த கையோடு வாடகை நேரத்துக்கு வந்தால் காரணம் அதுதான்.

வருமானம் குறைந்துவிட்டது. தாமதம் மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டே போனால், அதாவது 8, 13, 19, 27 என்று நகர்ந்தால், அடுத்த மாதம் வாடகையே வராது என்பதற்கு அதுதான் அடையாளம். நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள், அதுவும் வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி வேண்டாம். வாடகையை 5-ஆம் தேதி பாதி, 20-ஆம் தேதி பாதி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தாமதக் கட்டணம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் போடலாம். எழுதாத கட்டணத்தை நடுவில் கொண்டுவந்தால் வாடகைப் பிரச்சினை கட்டணப் பிரச்சினையாக மாறிவிடும்.

## அறிகுறி: பாதிப் பணம்தான் வருகிறது

வாங்க மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு அன்றே ரசீதில், 'ஜூன் வாடகை ரூ. 9,500-இல் ரூ. 5,000 பெறப்பட்டது, பாக்கி ரூ. 4,500' என்று எழுதுங்கள். அவர் அனுப்பிய பணம் எந்த மாதத்துக்கு என்று பதியாமல் விட்டால், நான்கு மாதம் கழித்து இருவர் கணக்கும் வெவ்வேறாக நிற்கும். வாடகைக்கு ரசீது கொடுப்பது சட்டப்படி உங்கள் கடமை. ரொக்கமாக ரூ. 5,000-க்கு மேல் வாங்கினால் ரூ. 1 ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள்.

முழு வாடகையை வாங்கவே நீங்கள் மறுத்தால், அவர் மணியார்டரில் அனுப்பி, பிறகு வாடகை அதிகாரியிடம் கட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிப் போனால் பாக்கி வைத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கோபத்தில் பணத்தைத் திருப்பி அனுப்புவது உங்கள் வழக்கைத்தான் பலவீனமாக்கும்.

## அறிகுறி: ஒரு மாதம் முழுதாக வரவில்லை

கெடு முடிந்த 5-ஆம் நாள்: போன். காரணம், தரப்போகும் தேதி இரண்டையும் கேளுங்கள். பேசி முடித்ததும் அதையே செய்தியாக அனுப்புங்கள்: 'இன்று பேசியபடி 22-ஆம் தேதி ரூ. 9,800 தருவதாகச் சொன்னீர்கள்.' அவர் 'சரி' என்று போட்டாலே பாக்கியை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

15-ஆம் நாள்: நீங்களே கையெழுத்துப் போட்ட கடிதம். இதற்கு வக்கீல் தேவையில்லை.

இரண்டாவது மாதமும் வராவிட்டால்: இங்கேதான் சட்டப் பாதை தொடங்குகிறது. இரண்டு மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் நிலுவையில் இருந்து, எழுத்து மூலம் கேட்டு நோட்டீஸ் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் தீரவில்லை என்றால், வீட்டை மீட்க வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் வட்டி உட்பட முழுவதையும் கட்டிவிட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. அந்தச் சலுகையை ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி பாக்கி வைத்தால் இரண்டாம் முறை சலுகை கிடையாது. அதனால் முதல் நோட்டீஸுக்குப் பணம் வந்துவிட்டாலும் அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

நோட்டீஸில் இருக்க வேண்டியவை: இருவர் பெயர், போர்ஷனின் முழு முகவரி, ஒப்பந்தத் தேதி, பதிவு எண், மாத வாரியாகப் பாக்கி, மொத்தம், ஒரு மாத கெடு. 'மே வாடகை ரூ. 9,500, ஜூன் வாடகை ரூ. 9,500, மின் கட்டணப் பாக்கி ரூ. 1,340, ஆக மொத்தம் ரூ. 20,340' என்று பிரித்து எழுதுங்கள். தொகை ஒரு ரூபாய் தப்பாக இருந்தாலும் அவர் வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஒப்புகையோடு கூடிய அஞ்சலில் அனுப்புங்கள். ஆள் வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு இருக்கும் அந்த மூடிய உறைதான் சாட்சி. நேரில் அவரிடமோ, வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடமோ கொடுப்பதும் செல்லும். அதுவும் முடியாதபோதுதான் கதவில் ஒட்டுவது.

வக்கீலை எப்போது கூப்பிடுவது: இந்த நோட்டீஸை எழுதும் கட்டத்திலேயே. நீங்களே எழுதலாம், தடையில்லை. ஆனால் வழக்கு முழுவதும் இந்த ஒரு காகிதத்தின் மேல்தான் நிற்கப்போகிறது. மற்றக் கடிதங்களில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

### செய்யவே கூடாதவை

ஃப்யூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவது, அவர் வெளியே போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவது, சாமானைத் தெருவில் வைப்பது. எத்தனை மாதப் பாக்கி இருந்தாலும் மின்சாரம், தண்ணீர், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது என்று சட்டம் நேராகவே சொல்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே இணைப்பைக் கொடுக்கும்படி உங்களுக்கு உத்தரவு வரும். அதுவரை பாக்கிதாரராக இருந்தவர் அன்றைக்குப் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். வீட்டுக்குள் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

## அறிகுறி: 'அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க' என்கிறார்

காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி ஒரு மாதத்தை மட்டும் கழிக்கச் சொன்னால் கணக்குப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காமல் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் கரைந்த பிறகு மின் கட்டணப் பாக்கிக்கும் உடைசலுக்கும் உங்கள் கையில் எதுவும் இருக்காது. 'அட்வான்ஸ் வாடகைக்கு ஈடு ஆகாது, காலி செய்த பின்னரே கணக்குப் பார்க்கப்படும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் சேருங்கள்.

## அறிகுறி: செக் பவுன்ஸ் ஆகிவிட்டது

முதலில் வங்கி கொடுத்த மெமோவில் காரணத்தைப் படியுங்கள். கையெழுத்துப் பொருந்தவில்லை, தேதி தவறு என்றால் வேறு செக் வாங்குங்கள், அவ்வளவுதான். பணம் இல்லை என்றிருந்தால் மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் எண்ண ஆரம்பியுங்கள். அதற்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர் கைக்கு அது கிடைத்து 15 நாள் அவகாசம். அதற்குள்ளும் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி புகார். இந்த மூன்று கெடுவில் எதைத் தவறவிட்டாலும் அந்த வழி அடைபட்டுப் போகலாம். அதனால் மெமோ வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

## அறிகுறி: 'இவ்வளவு கரண்ட் நாங்க செலவு பண்ணவே இல்லை'

வாடகையைவிடச் சண்டை அதிகம் வருவது இதில்தான். ஒரே மின் இணைப்பின் கீழ் சப்-மீட்டர் வைத்துப் பிரிக்கும் வீடுகளில் இது கட்டாயம் ஒருநாள் வரும்.

ரீடிங் எடுத்த தேதி வேறு வேறு. மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார். நீங்கள் சப்-மீட்டரை மாதக் கடைசியில் பார்க்கிறீர்கள். இரண்டு கணக்கும் எப்படிப் பொருந்தும்? வாரியம் ரீடிங் எடுக்கும் அதே நாளில் எல்லா சப்-மீட்டரையும் போட்டோ எடுத்து, அந்தந்தக் குடித்தனக்காரருக்கு அப்போதே அனுப்புங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பொதுச் செலவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மெயின் மீட்டரில் 620 யூனிட், சப்-மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து 540 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 எங்கே போனது? ஒரு எச்பி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட், 60 நாளுக்கு 60 யூனிட். படிக்கட்டில் இரண்டு 9 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 60 நாளுக்கு 13 யூனிட். ஆக 73. மீதி 7 யூனிட் ஒயர் இழப்பிலும் மீட்டர் வித்தியாசத்திலும் போகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். பொது யூனிட்டை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பதா, ஆளுக்கு ஒரு பங்காகப் பிரிப்பதா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மீதி 80-க்குப் பதில் 150 என்று வந்தால் மோட்டார் அதிகம் ஓடுகிறது, அல்லது எங்கோ கசிகிறது.

யூனிட்டுக்கு நிலையாக ஒரு விலை வைத்து வசூலிப்பது. எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வைத்து வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் விலை ஏறுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இணைப்பு எண் தெரிந்தால் பில் தொகையை யாரும் பார்த்துவிடலாம். கட்டிய தொகையைவிட அதிகம் வாங்குகிறார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன்பிறகு உங்கள் எந்தக் கணக்கையும் அவர் நம்பமாட்டார். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, அவரவர் யூனிட்டால் பெருக்குங்கள். பில்லையும் அனுப்புங்கள்.

சப்-மீட்டரே தவறாக ஓடுகிறது. குடித்தனக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முதலில் போர்ஷனில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், வைஃபை, செட்டாப் பாக்ஸ் பிளக்குகளைக் கழற்றுங்கள். மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் பாருங்கள். அணைத்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் கசிவு இருக்கிறது, அல்லது வேறு போர்ஷனின் லைன் இதில் கோத்திருக்கிறது.

சிமிட்டவில்லை என்றால் அடுத்தது. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 3200 அல்லது 1600. ஒரு வாளித் தண்ணீரில் 1000 வாட் ஹீட்டர் ராடை முக்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வேறெதுவும் ஓடக்கூடாது. 3200 மீட்டரானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 சிமிட்டல் வர வேண்டும், 1600 ஆனால் 27. வோல்டேஜ் கூடக்குறைய இருக்கும் என்பதால் 53-க்குப் பதில் 46 முதல் 58 வரை வந்தால் குறையில்லை. 70, 80 என்று வந்தால் மீட்டரை மாற்றுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிய பிறகே ராடையும் தண்ணீரையும் தொட வேண்டும்.

எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிடுவது: எல்லாம் அணைத்தும் விளக்குச் சிமிட்டினால். பழைய வீட்டைப் பிரித்துப் போர்ஷன் ஆக்கிய இடங்களில் இரண்டு போர்ஷனுக்கும் நியூட்ரல் ஒயர் ஒன்றாகவே போயிருக்கும். அப்போது ஒருவர் செலவு இன்னொருவர் மீட்டரில் ஏறலாம். அதைப் பிரித்து இழுப்பதற்கு ஒயரிங் தெரிந்தவர்தான் வேண்டும். சுவரைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் பில்லை மறந்துவிட்டு அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு. செலவுதான், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் இலவச யூனிட் கிடைக்கும், 500-ஐத் தாண்டும் பிரச்சினையும் குறையும். தனி இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும் என்பதால், அவர் கட்டாமல் விட்ட பாக்கி அந்த இணைப்பின் மேலேயே நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: 'தண்ணி வரலை' அல்லது 'டேங்க் உடனே காலியாகுது'

மோட்டார் போடும் நேரத்தைப் பற்றித் தகராறு என்றால் காலை, மாலை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், முடிந்தது. டேங்க் காரணமில்லாமல் காலியானால் இரவு 11 மணிக்கு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு காலை 5 மணிக்குப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் நாலு விரல் இறங்கியிருந்தால் கசிவுதான். முதல் சந்தேகம் கழிவறை ஃப்ளஷ் டேங்க். அதில் சொட்டு நீலம் ஊற்றி, இருபது நிமிடம் யாரும் அழுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. எல்லா ஃப்ளஷ்ஷும் சரி, எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. அதற்கு பிளம்பர்.

## அறிகுறி: ரிப்பேர் செலவு யாருடையது என்று இழுபறி

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்பு ரிப்பேர், சுண்ணாம்பும் பெயிண்டும், குழாய்களை மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, அடைத்த சாக்கடையைச் சுத்தம் செய்வது ஆகியவை குடித்தனக்காரருக்கு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும்.

ஐம்பது நூறு ரூபாய் வாஷரை நீங்களே போட்டுக்கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். அதைப் போடாமல் விட்டால் சுவர் ஊறி, மறு பூச்சுக்கு நீங்கள்தான் செலவு செய்வீர்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுப் பகலில் போங்கள். சாவி உங்களிடம் இருக்கிறது என்பதால் அது உங்கள் வீடாகிவிடாது, அவர் குடியிருக்கும் வரை அவர் வீடு.

## அறிகுறி: சொன்னதைவிட ஆட்கள் அதிகம்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து இரண்டு மாதம் தங்குவது பிரச்சினையே இல்லை, அதைக் கேள்வி கேட்காதீர்கள். புதிய ஆட்கள் தனியாக வாடகை கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பொதுத் தண்ணீர்ச் செலவு, வண்டிகளின் எண்ணிக்கை, புதுப் பெயரில் வரும் பார்சல்கள், வேறு கணக்கிலிருந்து வரும் வாடகை ஆகியவை அடையாளங்கள். முதலில் நேராகக் கேளுங்கள். உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால் அது வீட்டை மீட்பதற்கான காரணம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும், அதனால் கடிதம் எழுதும் முன் வக்கீல். புதிதாக வந்தவர்களின் அடையாள அட்டை நகலை வாங்கி, குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவைப்பது நல்லது.

## அறிகுறி: வாடகை ஏற்றினால் ஒப்புக்கொள்ளவில்லை

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலம் முடியும் முன் ஏற்ற வேண்டுமானால், எவ்வளவு ஏறும் அல்லது எப்படிக் கணக்கிடுவது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் நடுவில் ஏற்ற முடியாது. எழுதியிருந்தாலும் புது வாடகை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். 'அடுத்த மாசத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூட' என்று படியில் நின்று சொன்னது நோட்டீஸ் ஆகாது.

இரண்டும் சரியாக இருந்தும் மறுத்தால், அதே தெருவில் காலியாக இருக்கும் வீடுகளின் வாடகையை அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். 5 சதவீதம் என்றால் ரூ. 9,500 வாடகை ரூ. 9,975 ஆகும். நேரத்துக்குப் பணம் தரும் குடும்பத்தை ரூ. 475-க்காக இழந்து, வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ரூ. 9,975 போய்விடும். அதை ஈடுகட்ட 21 மாதம் ஆகும். ஏற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யவில்லை

வேறு வீடு கிடைக்கவில்லை. பள்ளி ஆண்டு முடியட்டும், அட்வான்ஸ் தொகை உங்களிடம் மாட்டியிருக்கிறது, புது வீட்டுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவை உண்மையான காரணங்கள். அட்வான்ஸில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்து, தேதி எழுதி வாங்கினால் பலர் நகர்ந்துவிடுவார்கள். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவு.

காலி செய்யும் தேதியே எழுத்தில் இல்லை. காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் விட்டால், மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் பழைய நிபந்தனைகளோடு அதிகபட்சம் ஆறு மாதம் தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் புது ஒப்பந்தமோ காலி செய்யும் கடிதமோ ஒன்றை முடித்துவிடுங்கள்.

வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறார். வாடகை உறவு முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் மாத வாடகையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதை நோட்டீஸில் எழுதினாலே சிலர் இறங்கி வருவார்கள். ஒரு எச்சரிக்கை: வாடகை உறவை முடிப்பதாக நோட்டீஸ் கொடுத்த பிறகு வழக்கம்போல் 'வாடகை' என்று ரசீது கொடுத்தால், நீங்களே உறவைத் தொடர்ந்ததாக வாதம் வரும். அந்தப் பணத்தை எந்தப் பெயரில் வாங்குவது என்று வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் நேரில் போய் வாக்குவாதம் செய்வது, தெரிந்தவர்களை அனுப்பி மிரட்டுவது எல்லாம் உங்கள் மேல் போலீஸ் புகாராகத்தான் திரும்பும்.

## அறிகுறி: வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆளைக் காணவில்லை

முதலில் ஆளுக்கு என்ன ஆனது என்று பாருங்கள், வாடகை பிறகு. ஒப்பந்தத்தில் கொடுத்த இரண்டாவது தொலைபேசி எண், வேலை செய்யும் இடம், சொந்த ஊர் முகவரி என்று வரிசையாக விசாரியுங்கள். உள்ளிருந்து வாடை வந்தாலோ, தனியாக இருந்த வயதானவர் என்றாலோ, உடனே காவல் நிலையம்.

ஆள் நலமாக இருந்து தொடர்பைத் துண்டித்திருந்தால் மின் மீட்டரை வாரம் ஒருமுறை போட்டோ எடுங்கள், ரீடிங் நகராதது யாரும் குடியில்லை என்பதற்குச் சாட்சி. நோட்டீஸைப் பூட்டிய வீட்டுக்கும் சொந்த ஊருக்கும் அனுப்பி, கதவிலும் ஒட்டிப் படம் எடுங்கள். பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே இருந்த நகை காணோம் என்று பிறகு அவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? நீதிமன்ற உத்தரவோடு திறப்பதுதான் வழி.

## அறிகுறி: அட்வான்ஸ் திருப்பும்போது சண்டை

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கிகளைக் கழித்து அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் வாங்கிப் பழகியவர்கள் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, புது ஆள் கொடுக்கும் அட்வான்ஸை வைத்துப் பழைய ஆளுக்குத் தர நினைக்கிறார்கள். புது ஆள் வரத் தாமதமானால் சண்டை தொடங்குகிறது. தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால் இந்தக் காரணம் முழுவதும் மறைந்துவிடும்.

அடுத்த காரணம் பெயிண்டிங். 'ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு' என்பது ஊர் வழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பெயிண்ட் உரிமையாளர் செலவு என்பதால், ஒப்பந்தத்தில் எழுதாமல் கழித்தால் அவர் கேட்கும் கேள்வி நியாயமானது.

உடைசல் பற்றி வாக்குவாதம் வந்தால் பதில் குடிவந்த நாளின் படங்களில் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர், தரை, மேற்கூரை, பிறகு குழாய், கதவு, சுவிட்ச் போர்டு என்று படம் எடுத்து, சாவி கொடுக்கும் அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்க வேண்டும். ஆணி அடித்த ஓட்டை, நாற்காலி உரசிய கோடு, வெளுத்த பெயிண்ட் எல்லாம் புழங்கியதால் வரும் தேய்மானம், அதற்குக் கழிக்காதீர்கள். உடைந்த வாஷ்பேசினுக்குக் கடை பில்லோடு கழியுங்கள்.

காலி செய்யும் நாளில் மீட்டர் ரீடிங் எடுத்து, மின் கட்டணத்தைக் கணக்கிட்டு, ஒரே தாளில் எழுதுங்கள்: அட்வான்ஸ் இவ்வளவு, வாடகைப் பாக்கி இவ்வளவு, மின் கட்டணம் இவ்வளவு, ரிப்பேர் இவ்வளவு, திருப்பியது இவ்வளவு. அதன் கீழே 'வீட்டைக் காலியாக ஒப்படைத்தேன், சாவி இத்தனை, இனி பாக்கி எதுவும் இல்லை' என்று அவர் கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வாடகைப் பதிவில் இந்த ஒப்பந்தம் முடிந்ததையும் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு டு-லெட் போர்டை மாட்டுங்கள்.